எழுத ஒன்றும் ஓடவில்லை: ஏற்காடா, கடலா?

மே 3, ஒரு வாசகரின் கேள்வி

சேலத்துக்காரன். சிறுகதை எழுதுகிறேன். சில மாதங்களாக ஒன்றும் நகரவில்லை. கேட்டவர்கள் எல்லோரும் "கடற்கரை ஊரில் போய்க் கொஞ்ச நாள் உட்கார், தானா வரும்" என்கிறார்கள். அஸ்தம்பட்டியிலிருந்து கிளம்பினால் ஒரு மணி நேரத்தில் ஏற்காடு. குளிர் இருக்கிறது, அமைதி இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஏழெட்டு மணி நேரம் பஸ்ஸில் போய் உப்புக் காற்றில் வேர்த்துக்கொண்டு உட்கார வேண்டுமா? கடலில் அப்படி என்னதான் இருக்கிறது?

மே 3, இரவு

கடலுக்கே போங்கள். ஆனால் பாதியில் நிற்கிற வேலை ஒன்று கையில் இருக்க வேண்டும். வெறுங்கையோடு போனால் மீன் வறுவல் சாப்பிட்டு, காலை நனைத்து, நன்றாகத் தூங்கித் திரும்பலாம். உடம்புக்கு நல்லதுதான். கதை வராது.

மே 4

நேற்று ஒரு வரியில் முடித்துவிட்டேன். காரணம் கேட்கிறீர்கள், சொல்கிறேன்.

நான் கதை எழுதுகிறவள் இல்லை. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. கம்பி இழுப்பது, வளையம் சுற்றுவது, பற்ற வைப்பது, மெருகு போடுவது எல்லாம் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். புது மாதிரி வரைந்து கொடுப்பது என் பொறுப்பு. முகூர்த்த மாதங்களுக்கு முன்னால் கடைக்காரர்கள் "புதுசா என்ன இருக்கு" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். தொழில் வேறானாலும் நீங்கள் சொல்கிற அடைப்பு எனக்கும் பழக்கமானதுதான். பென்சில் கையில் இருக்கும், ட்ரேசிங் பேப்பர் விரித்திருக்கும், போன வருஷத்து மாங்காய் டிசைனே மறுபடியும் வந்து நிற்கும்.

அந்த மாதிரி சமயங்களில் ஏற்காட்டுக்கும் போயிருக்கிறேன், கடலுக்கும் போயிருக்கிறேன். ஏற்காட்டில் கண்ணுக்கு வேலை ஓயாது. சேலத்திலிருந்து ஏறுகிற பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றையும் தாண்டும்போது மரம் மாறும், குளிர் மாறும், வாசனை மாறும். மேலே போனால் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருக்கும், அடியில் காப்பிச் செடி. ஒரு இலையை வரைந்து முடிப்பதற்குள் பக்கத்து இலை கூப்பிடும். நோட்டு நிறைந்துவிடும். சேர்த்துக்கொண்டு வர அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

எனக்குச் சேர்ப்பதில் சிக்கல் இல்லை. வீட்டில் அலமாரி நிறைய வரைந்து வைத்திருக்கிறேன். வரைந்து நின்றுபோன ஒன்றை எப்படி முடிப்பது என்பதில்தான் சிக்கல்.

கடலில் பார்க்க ஒன்றும் இல்லை. முதல் நாள் பார்ப்பீர்கள், மறுநாளும் பார்ப்பீர்கள், அப்புறம் கண் அலுத்துவிடும். ஆனால் எழுந்து போகவும் மனம் வராது. அந்த நேரத்தில்தான் கொண்டு போன வேலை மேலே வரும்.

மே 5

"பரந்த வெளியைப் பார்த்தால் மனசு விரியும், அதுதான் காரணம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அழகாக இருக்கிறது, ஆனால் கணக்கு ஒத்துவரவில்லை. தண்ணீர் ஓரத்தில் நிற்கிற ஒருவருடைய கண்ணுக்குக் கடலின் விளிம்பு தெரிவது சுமார் நாலரை கிலோமீட்டர் தூரம்தான். பூமி உருண்டை, அதற்கு மேல் வளைந்து போய்விடுகிறது. ஏற்காட்டில் லேடீஸ் சீட்டில் நின்றால் சேலம் முழுக்கக் காலடியில் கிடக்கும், வானம் தெளிவாக இருந்தால் மேட்டூர் அணைத் தண்ணீர்கூடத் தெரியும். அகலம்தான் மருந்து என்றால் மலைதான் ஜெயிக்க வேண்டும்.

மலையில் தெரிகிற அத்தனையும் நமக்குத் தெரிந்த இடம். அதோ ஜங்ஷன், அதோ ஸ்டீல் பிளான்ட் பக்கம், அந்த வெளிச்சம் நம்ம ஏரியாவா? தேடிக்கொண்டே இருப்போம். நான் அங்கே நின்று எங்கள் பட்டறைத் தெருவைக் கண்டுபிடிக்கப் பார்த்திருக்கிறேன். கண்டுபிடித்ததும் வாங்க வேண்டிய பாக்கி ஞாபகம் வந்தது. கடலில் அந்த நாலரை கிலோமீட்டருக்குள் நமக்கு வேண்டியது, நம்மை வேண்டியது எதுவும் கிடையாது.

மே 7

ஏற்காட்டைக் குறைத்துச் சொல்லிவிட்டேன் என்று சிலருக்குக் கோபம். இல்லைங்க. காப்பி பூக்கிற நாளில் அங்கே இருந்திருக்கிறீர்களா? மாசி பங்குனியில் ஒரு மழை விழுந்தால் சில நாளில் தோட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூக்கும். கிளையோடு ஒட்டி, கொத்துக் கொத்தாக, மல்லிகை வாசனையோடு. ரெண்டு மூணு நாளில் பழுப்பாகிவிடும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த செடி, இன்றைக்கு அந்த மலையின் பாதி வாழ்க்கை அது. எங்கள் கடையில் நன்றாகப் போகிற ஒரு சின்னக் கொலுசு அந்தப் பூக்கொத்தைப் பார்த்து வரைந்ததுதான். ஏற்காட்டுக்கு நான் பட்ட கடன் அது, மறக்க மாட்டேன்.

ஆனால் இப்போது மே மாதம். கோடை விழா, மலர்க் கண்காட்சி. ஒவ்வொரு வளைவிலும் கார் நிற்கும். ஏரிக்கரையில் உட்கார்ந்து கதையை முடிக்க இது நேரமில்லை.

மே 7, பிறகு

மேட்டூரை ஏன் விட்டீர்கள், அதுவும் கடல் மாதிரிதானே என்பவருக்கு: 1934-ல் கட்டி முடித்த அணை, தண்ணீர் 120 அடி நின்றால் நிஜமாகவே பிரமிப்புதான். ஆனால் எதிர்க்கரை தெரிகிறது. கோடையில் தண்ணீர் இறங்கினால் பண்ணவாடிப் பக்கம் முழுகிப்போன கோயிலின் நந்தியும் தேவாலயத்தின் கோபுரமும் வெளியே வந்து நிற்கும். அதைப் பார்த்தால் அந்த ஊர்க்காரர்கள் எங்கே போயிருப்பார்கள் என்ற நினைப்புதான் எனக்கு வரும். கதைக்காரருக்கு அது உதவலாம். போய்ப் பாருங்கள். அது சேர்த்துக்கொள்கிற பயணம்.

மே 12

கடலுக்குக் கொண்டுபோய் நான் முடித்த வேலை எது என்று கேட்டிருந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை, பட்டறை லீவு, நிதானமாக எழுதுகிறேன்.

கல்யாணத்துக்குப் போடுகிற பட்டைக் கொலுசு ஒன்று. காலை இறுக்காமல் தளர்ந்து விழ வேண்டும், அடி ஓரத்தில் சலங்கை. வளையங்களை நேர் வரிசையாக, ஒன்றின் கீழ் ஒன்றாகக் கோத்து மாதிரி செய்தோம். கையில் வைத்துப் பார்த்தால் கண் எடுக்க முடியாது. காலில் போட்டு நாலு எட்டு வைத்தால் பட்டை சுருண்டு புரண்டுவிடும், சலங்கை உள்பக்கம் போய்க் கணுக்காலில் குத்தும். கனத்தைக் கூட்டினோம், வளையத்தைச் சின்னதாக்கினோம். அப்படியும் புரண்டது. ஆர்டர் கொடுத்தவர் வேறு பட்டறைக்குப் போய்விட்டார். நான் விடவில்லை.

அந்தச் சமயம் மாமனாருக்கு அறுபதாம் கல்யாணம். திருக்கடையூரில் வைத்தோம். குடும்பம் முழுக்க வேன் பிடித்துப் போனோம். கோயில் வேலை முடிந்ததும் எல்லோரும் நவகிரகக் கோயில்கள் பார்க்கக் கிளம்பினார்கள். நான் மட்டும் பக்கத்திலேயே இருக்கிற தரங்கம்பாடியில் தங்கிக்கொள்கிறேன் என்றேன். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அத்தைதான் கேட்டார்: "கடலைப் பாத்தா கொலுசு வரும்னா, மீன்காரவங்க எல்லாம் இந்நேரம் ஆசாரி ஆகியிருக்கணுமே?" வேனே சிரித்தது. நானும்தான். அந்தக் கேள்வி சரியான கேள்வி, பின்னால் வருகிறேன்.

தரங்கம்பாடி சின்ன ஊர். 1620-ல் டேனிஷ்காரர்கள் தஞ்சை நாயக்கரிடம் இடம் வாங்கிக் கட்டிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. 1845-ல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். ஊருக்குள் நுழைகிற வாசல், நேர்த் தெரு, இரண்டு பழைய தேவாலயம், கடலோரம் மாசிலாமணிநாதர் கோயில். 1306-ல் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டியது, முன்பக்கத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது. அரை நாளில் எல்லாம் பார்த்து முடித்துவிடலாம். அதுதான் எனக்குப் பிடித்தது.

அப்புறம் செய்ய ஒன்றும் இல்லை. விடிகாலையில் கரைக்குப் போவேன், வெயில் ஏறும்வரை உட்காருவேன். மணலில் அடப்பங்கொடி ஊதாப் பூவோடு படர்ந்திருக்கும், அதற்கு மேலே இராவணன் மீசைப் புல். அதையெல்லாம் வரையத் தோன்றியது, வரையவில்லை. கொலுசின் மாதிரித் துண்டு கைப்பையில் இருந்தது. எடுத்து விரலில் சுற்றிப் பார்ப்பேன், புரளும், வைத்துவிடுவேன். மறுபடி எடுப்பேன். அலை வந்து திரும்பும்போது அதன் எல்லையில் ஒரு மெல்லிய வளைகோடு மணலில் நிற்கும். அடுத்த அலை அதைவிட மேலே ஏறினால் பழைய கோடு போய்விடும், ஏறாவிட்டால் பழையதற்குக் கீழே இன்னொரு கோடு, ஆனால் நேர் கீழே விழாது, தள்ளி விழும். இதைக்கூட நான் அப்போது கவனித்தேன் என்று சொல்ல முடியாது. கண்முன் நடந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

கோட்டையைத் தாண்டி மீனவர் குடியிருப்புப் பக்கம் ஒரு பெரியவர் வலை பழுது பார்த்துக்கொண்டிருப்பார். தினமும் தாண்டித்தான் போவேன். ஒரு நாள் நின்றேன். கால் கட்டைவிரலில் வலையின் ஓரத்தை மாட்டி இழுத்துப் பிடித்திருந்தார். ஒரு கையில் நூல் சுற்றிய ஊசி, இன்னொரு கையில் விரல் அகலத்துக்கு ஒரு மூங்கில் பட்டை. நூலைப் பட்டையைச் சுற்றி எடுத்து மேலே இருக்கிற கண்ணுக்குள் விட்டு முடிச்சு. பட்டையின் அகலம் எவ்வளவோ அவ்வளவுதான் ஒவ்வொரு கண்ணும், கூடாது, குறையாது. நான் பார்த்தது முடிச்சை இல்லை. புது வரிசையின் ஒவ்வொரு கண்ணும் மேல் வரிசையில் இரண்டு கண்ணுக்கு நடுவில் தொங்கியது. எந்தக் கண்ணும் ஒற்றைப் பிடியில் இல்லை.

"என்ன பாப்பா, வலை வாங்கப் போறியா?" என்றார். துண்டை எடுத்துக் காட்டினேன். வாங்கிப் பார்த்தார், விரலில் சுற்றினார், புரண்டது. "ஒத்தைப் பிடியில நிக்குது, புரளத்தான் செய்யும்" என்றார். அன்றைக்கு ராத்திரியே ரூமில் உட்கார்ந்து வரைந்துவிட்டேன். உப்புக் காற்றில் ட்ரேசிங் பேப்பர் தொய்ந்துபோய்ப் பென்சில் கிழித்தது. பரவாயில்லை, கோடு நின்றது.

மே 13

நேற்று படித்தவர்கள் இரண்டு பேர் ஒரே கேள்வி: மேட்டூரிலும்தான் வலை பின்னுகிறார்கள், அங்கே பார்த்திருக்கக் கூடாதா?

பார்த்திருக்கிறேன். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், மீன் வாங்கப் போகும்போதெல்லாம். வலை என்ற அளவில் பார்த்துவிட்டு நகர்ந்திருக்கிறேன், ஏனென்றால் மீனுக்கு வரிசை நிற்கும், வீட்டில் குழம்பு கொதிக்க வேண்டும். அத்தையின் கேள்விக்கும் இதுதான் பதில். கடல் கொலுசு கொடுக்காது, வலைகூடக் கொடுக்கவில்லை. சில நாள் காலை நேரத்தை வேறு யாரும் கேட்காத இடத்தில் அந்த ஒரு துண்டோடு என்னை உட்கார வைத்தது. அதற்கப்புறம் எதைப் பார்த்திருந்தாலும் அந்தத் துண்டுக்கான பதிலாகத்தான் பார்த்திருப்பேன்.

மே 13, இரவு

பட்டறைச் சேதி கேட்டவருக்கு: ஆமாம், வலையைப் பார்த்து மாற்றிக் கோத்த கொலுசு புரளவில்லை. பற்றவைக்கிற இடம் கூடிப்போனதால் கூலி ஏறியது. அத்தைதான் முதலில் காலில் போட்டு மாடிப்படி ஏறி இறங்கிப் பார்த்தார்.

மே 18

தமிழ் படித்தவர்கள் நிறையப் பேர் இங்கே இருப்பதால் இதைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். நம் முன்னோர் நிலத்தைப் பிரித்தபோது மலைக்குக் கூடலைக் கொடுத்தார்கள், கடலோரத்துக்கு இரங்கலைக் கொடுத்தார்கள். குறிஞ்சிக்கு நள்ளிரவு, நெய்தலுக்கு வெயில் சாய்கிற எற்பாடு. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தபோது இது எதற்கு என்றே புரியவில்லை. போனவன் திரும்பி வருவானா என்று தண்ணீரைப் பார்த்து நிற்கிற இடம் அது. முடியாத ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற இடம். சந்திப்பு மலையில், காத்திருப்பு கரையில். உங்கள் கதைக்கு இப்போது எது வேண்டும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இன்னும் ஆளே கிடைக்கவில்லை என்றால் மலைக்கு, ஆள் கிடைத்துவிட்டார், என்ன செய்யப்போகிறார் என்று தெரியவில்லை என்றால் கடலுக்கு.

மே 25

"நானும் தனியாகப் போகலாமா அக்கா" என்று கேட்ட தங்கைக்கு.

போகலாம். ஆனால் ரூம் முன்கூட்டியே பேசிக்கொள். நான் பிறகு ஒரு முறை வேறொரு கடற்கரை ஊருக்குத் தனியாகப் போனேன். பெட்டியோடு போய் நின்றபின், தனியாக வந்த பெண்களுக்கு ரூம் கொடுப்பதில்லை என்றார்கள். ஆதார் காட்டினேன், தொழிலைச் சொன்னேன், வீட்டுக்காரரை போனில் பேசச் சொல்லட்டுமா என்றுகூடக் கேட்டேன். அதைக் கேட்டிருக்கக் கூடாது என்று இன்றுவரை மனசு கொதிக்கிறது. ஒரு ஆண் நோட்டோடு வந்தால் எழுத்தாளர், பெண் வந்தால் வீட்டில் சண்டை. கடைசியில் தெரிந்தவர் ஒருவர் சொல்லி, ஒரு ரிட்டயர்டு டீச்சர் வீட்டு மாடியில் தங்கினேன். அந்த அம்மா காலையில் காப்பி கொடுத்துவிட்டு ஒரு கேள்விகூடக் கேட்காமல் இறங்கிப் போவார். அப்படி ஒரு வீடு கிடைத்தால் ஹோட்டல் வேண்டாம்.

ஜூன் 1

"பாரதிக்குப் புதுச்சேரிக் கடல் கொடுக்கவில்லையா, அவர் என்ன கொலுசோடா போனார்" என்ற கேள்வி பலமானது. ஒரு வாரமாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாரதியார் 1908-ல் புதுச்சேரி போனது விடுமுறைக்கு இல்லை. ஆங்கிலேய அரசின் கைதுக்குத் தப்பி பிரெஞ்சு எல்லைக்குள் போனார், 1918 வரை அங்கேதான். வீட்டில் அரிசிக்குத் தட்டுப்பாடு, வாசலில் உளவாளி. அந்தப் பத்து வருஷத்தில்தான் பாஞ்சாலி சபதம், கண்ணன் பாட்டு, குயில் பாட்டு. போகும்போதே பத்திரிகை வேலையும் பாதியில் நின்ற போராட்டமும் அவரோடு போயிருந்தன. எழுத விடாமல் தடுத்த ஊரிலிருந்து எழுத முடிகிற ஊருக்குப் போனார். கடல் கொடுத்தது என்று சொல்லிவிட்டால் அவர் பட்டதை நாம் மறந்துவிடுவோம்.

எனக்கு இன்னும் நெருக்கமாகப் படுவது சோழமண்டலம். 1966-ல் கே. சி. எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரம் நிலம் வாங்கி ஓவியர் கிராமம் அமைத்தார்கள். படம் விற்றுச் சாப்பிட முடியாத காலம். பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்று, அந்தக் காசில் மீதி நேரம் படம் வரைந்தார்கள். கடற்கரையில் வேலைக்காக வீடு கட்டிக்கொண்டவர்கள். கைத்தொழில் குடும்பத்தில் இருக்கிற எனக்கு அது நன்றாகப் புரிகிறது.

ஜூன் 2

ஒன்று விட்டுப்போனது. நாம் மனசை ஆற்றப் போகிற கரையில்தான் மீனவர்களுக்குத் தொழில். விடியும்முன் படகு போகும், வடக்கிலிருந்து வாடை வீசுகிறதா மேற்கிலிருந்து கச்சான் வீசுகிறதா என்று பார்த்துத்தான் கிளம்புவார்கள். 2004 டிசம்பர் 26-ல் அந்தக் கரை எவ்வளவு பேரை இழந்தது என்பது நமக்கெல்லாம் தெரியும். வலை பின்னிய பெரியவரிடம் நான் அதைக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. படகு இழுக்கிற இடத்தில் பாய் விரித்து உட்காராதீர்கள். வலைமேல் நடக்காதீர்கள். கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். பேச்சுக் கொடுத்தால் பேசுவார்கள், வேலை நேரத்தில் இல்லை.

ஜூன் 15

தடைக்காலம் நேற்றோடு முடிந்தது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த 61 நாளில் படகெல்லாம் கரையில், வலை எல்லாம் கையில். பார்க்க நல்ல காலம், ஆனால் வெயில் கொல்லும். மதியத்துக்கு மேல் கடல்காற்று திரும்பி வீசத் தொடங்கும்வரை நிழலை விட்டு நகர முடியாது. ஐப்பசி கார்த்திகையில் போகாதீர்கள், மழையும் புயலும். தை, மாசிதான் சரி.

வழி கேட்டவருக்கு: புதுச்சேரி என்றால் ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் வழி. தரங்கம்பாடி என்றால் திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் போய் மயிலாடுதுறையில் மாறிக்கொள்ளலாம். புதுச்சேரியில் சனி ஞாயிறு கரையே தெரியாத அளவுக்குக் கூட்டம். வேலையோடு போகிறவர்கள் திங்கட்கிழமை போய் வெள்ளிக்கிழமை கிளம்பிவிடுங்கள்.

ஜூன் 15, இரவு

போன் பற்றி: அணைக்க வேண்டாம், வீட்டில் பயப்படுவார்கள். காலையில் ரூமிலேயே வைத்துவிட்டுக் கரைக்குப் போனால் போதும்.

ஜூன் 23

கேள்வி கேட்டவர் இன்றைக்குத்தான் திரும்ப எழுதியிருக்கிறார். ஆடிக்கு முன்னால் கிளம்புகிறாராம், மனைவியும் இரண்டு பிள்ளைகளும் கூட வருகிறார்கள், "இனி எங்கே எழுத" என்கிறார்.

கூட்டிக்கொண்டு போங்கள், தாராளமாக எழுதலாம். பிள்ளைகள் தண்ணீரைப் பார்த்துவிட்டால் உங்களைத் தேட மாட்டார்கள், ஆனால் தனியாக இறங்க விடாதீர்கள், அந்தக் கரையில் இழுப்பு அதிகம், ஒரு பெரியவர் கூடவே நிற்க வேண்டும். அதனால் மனைவியிடம் இப்போதே பேசி நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். விடிகாலை முதல் டிபன் வரை உங்களுக்கு, சாயங்காலம் முழுக்க அவருக்கு. அந்தச் சாயங்காலத்தில் அவர் என்ன செய்கிறார் என்று கேட்காதீர்கள், அவரிடமும் பாதியில் நிற்கிறது ஏதாவது இருக்கும். நின்றுபோன கதையைக் கையெழுத்தில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக நோட்டு வாங்க வேண்டாம், அதிலேயே மார்ஜின் விட்டு எழுதுங்கள். அப்புறம், பேப்பரை பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு போங்கள்.